ரொட்டிக்குக் கத்துகிறவள்

அந்தப் படத்துக்கு முன்பக்கம் எது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சியில் நான் மட்டும். இன்னொன்றில் என் மாமியார், அவர் முந்தானைக்குள் என் கணவர்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி. நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தைத் தட்டையாக்கி, ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகளை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். மரங்கள்கூட ஒரே வயது. எங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்க நான் கராஜ் கதவை ரிமோட்டில் திறந்து பார்ப்பேன்; எது திறக்கிறதோ அது எங்களுடையது. கணவர் எண்ணெய் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களோடு குடித்தனம் நடத்தினார். எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. பகல் முழுக்க என்னிடம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்திலிருந்து ஓவியப் புத்தகங்களைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, படித்து, யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். ருமேனியாவிலிருந்து வந்த வயதான அம்மாள். மகன் எண்ணெய்க் கிணறு இன்ஜினியர், எப்போதும் ஏதாவது ஒரு கடலில் இருப்பார். அம்மாளின் கணவர் ஓவியர், புகாரெஸ்டிலேயே இறந்துபோனவர். அவர் வரைந்ததில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, அந்த வீட்டு ஹாலில் மாட்டியிருந்தது. முதல் தடவை அந்த வீட்டுக்குள் போனபோது என்னை வரவேற்றது அம்மாள் இல்லை, அவள்தான்.

ஒரு பெண். முகம் பச்சை, தளிர்ப் பச்சை இல்லை, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் பச்சை. இமை இல்லாத கண்கள். வாய் திறந்திருக்கிறது, உள்ளே சிவப்பு, அதற்குள் கறுப்பு, அதற்கும் உள்ளே மறுபடி சிவப்பு. கைகள் உடம்பைவிடப் பெரியவை, நம்மை நோக்கி நீண்டு, கேட்கின்றனவா அடிக்க வருகின்றனவா என்று தெரியாமல். சாயத்தைத் தூரிகையால் தீட்டின மாதிரியே இல்லை, கரண்டியால் அள்ளி அப்பின மாதிரி. உலகப்போர் முடிந்து, மழையும் பொய்த்து, ஊரே ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஒரு குளிர்காலத்தில் வரைந்தது. எனக்குக் காய்ச்சல் அடித்த மாதிரி இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

படத்தைத் திருப்பினால் வேறொருத்தி. அதே கேன்வாஸின் முதுகில், தலைக்குட்டை கட்டின குடியானவப் பெண், கையில் கோதுமைக் கதிர், கன்னத்தில் ஆப்பிள் சிவப்பு, பற்பசை விளம்பரச் சிரிப்பு. அந்த நாட்களில் அரசாங்கத்து இன்ஸ்பெக்டர்கள் ஓவியர்களின் வீட்டுக்கே வந்து சோதிப்பார்களாம். தொழிலாளி சிரிக்க வேண்டும், உழவர் சிரிக்க வேண்டும், டிராக்டரும் சிரித்தால் நல்லது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ஓவியர் படத்தைத் திருப்பிவிடுவார். ரொட்டிக்குக் கத்துகிறவள் சுவரைப் பார்ப்பாள், கோதுமைக்காரி ஆட்களைப் பார்ப்பாள். அப்படியே வருஷங்கள் போயின.

பக்கத்து வீட்டை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம், அம்மாள் என்னைக் கூப்பிட்டார். முதியோர் குடியிருப்பில் ஒரு அறைக்குப் போகிறார். அங்கே சுவரைவிடப் படம் பெரிது. வடக்கே ஒரு பல்கலைக்கழகம் படத்தைக் கேட்டிருக்கிறது.

"நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள்," என்றார், தன் துண்டுதுண்டான ஆங்கிலத்தில். "நிலவறையில். குளிரில். இருட்டில். மருந்து மாதிரி."

"பின்னே?"

"இவள் சுவரைப் பார்த்தது போதும். இனி ஆட்களைப் பார்க்க வேண்டும். ஆட்கள் இவளைப் பார்க்க வேண்டும். உன் ஹாலில் மாட்டு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து பார்ப்பேன். ஒழுங்காக இருந்தால் உனக்கே. இல்லையென்றால் நிலவறை."

நானும் கணவருமாகக் கட்டிலைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தோம். மாட்டினோம். நான் எதிரே சோபாவில் உட்கார்ந்து, சொத்து வந்துவிட்ட ஜமீன்தார் போலக் காபி குடித்தேன்.

அடுத்த வாரம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அத்தை வந்து இறங்கினார். அத்தை என்று நான் கூப்பிடுவது என் மாமியாரை. ஆறு மாத விசா, மூன்று பெட்டி, ஒன்றில் முழுக்க மிளகாய்ப்பொடி. முதல் நாள் காலையில் ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்மிணி, ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் இப்புடியா ஒருத்தி வாயப் பொளந்துட்டு நிக்கோணும்?"

"அது ஓவியங்கத்தை. அந்த ஊர்ல அப்போ பசி, பட்டினி. அந்தப் பசியைத்தான் வரைஞ்சிருக்கார்."

"பசின்னா சோறு போடோணும். படமா போடறது?"



மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. தூசி தட்டலாம் என்று படத்தை நகர்த்தினபோது அத்தை முதுகைக் கண்டுபிடித்துவிட்டார். மகனைக் கூப்பிட்டுத் திருப்பி மாட்டச் சொல்லி, சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் சாமந்தி மாலையும் போட்டாயிற்று.

"இங்க பாரு, மகாலட்சுமியாட்டக் கெடக்கறா. கையில கதுரு, மொகத்துல சிரிப்பு. இத உள்பக்கமா வெச்சு மாட்டற அளவுக்கு என்ன படிப்போ!"

நான் கணவரைப் பார்த்தேன். "நீங்க எந்தக் கட்சிங்க?"

"நான் நியூட்ரல்மா. ஆனா ஆபீஸ்லேர்ந்து வந்தா இதுதான் கொஞ்சம் ரிலாக்ஸ்டா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வேன் அம்மாளை எங்கள் வாசலில் இறக்கிவிட்டது. நான் ஓடிப்போய் படத்தைத் தூக்கப் பார்த்தேன். அதைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது, அத்தையோ விரலைக்கூட அசைக்கவில்லை. அம்மாள் உள்ளே வந்தார். கோதுமைக்காரியைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாரா?" என்றார்.

அத்தைக்கு இங்கிலீஷ் புரியாது. வந்தவர் படத்தை மெச்சுகிறார் என்றே நினைத்துக்கொண்டு முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். அம்மாள் முறுக்கை நறுக்கு நறுக்கென்று மிச்சமில்லாமல் தின்றார். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"அடுத்த தடவையும் இவள்தான் சிரித்துக்கொண்டு நின்றால், பல்கலைக்கழகத்துக்கு போன் பண்ணிவிடுவேன். நான் விளையாடவில்லை."

அப்புறம் நடந்தது என் பிரசாரம். பசியைப் பற்றிப் பேசினேன், போரைப் பற்றி, கோணலான கோடுகள் ஏன் நேர்க்கோடுகளைவிட உண்மை என்பதைப் பற்றி. அத்தை புளி கரைத்துக்கொண்டே கேட்டார். "நீ சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. அவ மூஞ்சிதான் நல்லால்ல."

எனக்கு வழி காட்டியது ஆலங்கட்டி மழை.

கரூர்க்கார அக்கா ஒருத்தர் எங்கள் பேட்டையில் உண்டு. ஃப்ரீவேயைத் தாண்டிப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, "என்னங்க ஹால் இவ்ளோ பெருசு! என்னங்க கவுண்டர்டாப் இப்படி மின்னுது! மினிவேன் புதுசுங்களா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே டிஷ்வாஷர் சமையலறையை ஏரியாக்கியது. கராஜ் கதவு பாதியில் நின்றது. மறுநாள் மத்தியானம் வானம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய், எலுமிச்சை அளவுக்கு ஐஸ் கொட்டியது. புது மினிவேனின் கூரை அம்மை வடு விழுந்த மாதிரி ஆயிற்று.

அத்தை ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். "கண்ணு பட்டுருச்சு."

கண்ணுக்கு மருந்து வேண்டுமே. வெள்ளைப் பூசணிக்காய் இந்தியக் கடையில் துண்டு போட்டுத்தான் வரும். துண்டை வைத்து என்ன உடைப்பது? மீசையும் கோரைப்பல்லுமாக, கட்டுகிற வீட்டுக்கு முன்னால் ஊரில் தொங்கவிடுவார்களே திருஷ்டி பொம்மை, அதற்கு எங்கே போக? அத்தை புலம்பிக்கொண்டே இருந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல், குழாயைக் கொஞ்சம் சின்னதாக்கி, சொன்னேன்:

"பாவம். அந்தப் பச்சை மூஞ்சிக்காரி இந்தப் பக்கம் பாத்துட்டு இருந்திருந்தா, வர்றவங்க கண்ணு மொதல்ல அவ மேலதான் உழுந்திருக்கும்."

நான் ஒரு கிண்ணத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். பிறகு தரையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "டேய், இங்க வாடா! சித்த இதப் புடி!"

ரொட்டிக்குக் கத்துகிறவள் அன்று சாயங்காலமே வாசல் கதவுக்கு நேர் எதிரே ஏறினாள், நான் மாட்டியிருந்த இடத்தைவிட நல்ல இடம், கதவைத் திறந்ததும் வெளிச்சம் நேராக அவள் வாய்க்குள் போனது. கோதுமைக்காரி சுவரைப் பார்த்துத் தன் அறுவடையைத் தொடர்ந்தாள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். வெற்றியைக் காட்டிக்கொண்டால் அத்தைக்குச் சந்தேகம் வரும்.

முதலில் கரூர் அக்காதான் மாட்டிக்கொண்டார். கதவு திறந்தது, "அய்யோ அம்மா!" என்று ஒரு சத்தம், கையிலிருந்த டப்பர்வேர் கீழே. அத்தையின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத நிம்மதி. அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கீங்க வாங்குனீங்க? இந்தியாலேர்ந்து வந்துச்சுங்களா?" என்றார். அன்றைக்கு அவர் எங்கள் கவுண்டர்டாப் பக்கமே திரும்பவில்லை.

பேட்டைக்குள் பேச்சுப் பரவ என்ன நேரமாகும்? டிஷ்வாஷர் அதற்குப் பிறகு ஒழுகவில்லை என்பதையும் அத்தை எல்லாரிடமும் சொன்னார். ரிப்பேர்காரர் வந்துபோனதைச் சொல்லவில்லை. புது வீடு வாங்கியவர்கள் போன் பண்ண ஆரம்பித்தார்கள். "ஆன்ட்டி, சாட்டர்டே பால் காய்ச்சறோம். அந்தப் படத்தை ஒரு நாள் மட்டும் லெண்ட் பண்றீங்களா?" போர்வை போர்த்தி, அம்மை வடு மினிவேனில் மல்லாக்கப் படுத்து, ரொட்டிக்காரி கேட்டி முழுக்கப் பிரயாணம் போனாள். நான் நூலகத்தில் படித்த ஓவியர்களில் யாருக்கும் இப்படி ஒரு ஊர்வலம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் அம்மாள் வரவே இல்லை. கடுமையான காய்ச்சல் என்று முதியோர் குடியிருப்பில் போனில் சொன்னார்கள். குணமானதும் வருவார், படம் எதிரே நின்று கத்தும், படம் எனக்கு என்று நானும் இருந்தேன். அவர் வந்தது, சொல்லாமல், கரூர் அக்கா வீட்டுப் பால் காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமை காலையில். அத்தை விடியுமுன்பே படத்தோடும் மகனோடும் கிளம்பியிருந்தார். நான் பட்டுப்புடவையில் கதவைத் திறந்தேன். எதிரே சுவர். சுவரில் ஆணி.

அம்மாள் இளைத்திருந்தார். ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கராஜிலா? கட்டிலுக்கு அடியிலா?"

"இல்லை. ஒரு வீட்டு வாசலில். வெளியே. எல்லாரும் பார்க்கிற மாதிரி."

"கூட்டிக்கொண்டு போ."

காரில் அவர் கைப்பையை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதற்குள் பல்கலைக்கழகத்தின் போன் நம்பர் இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஃப்ரீவே ஓரத்தில் கட்டி முடியாத வீடுகள் எலும்பும் மரப்பலகையுமாக ஓடின. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை மெதுவாக நான் கார் ஓட்டியதில்லை.

கரூர் அக்கா வீட்டு முகப்பில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், அவள். காலடியில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்த கயிறு. அதற்குக் கீழே மலைபோலச் செருப்பு. உள்ளே ஹோமப் புகைக்கு அலாரம் அலறாமலிருக்க அதற்கு ஷவர் கேப் மாட்டியிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. அம்மாள் புல்தரையிலேயே நின்றுவிட்டார்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் படி ஏறினதும் நின்று, நிமிர்ந்து, அவளைப் பார்த்து, முகம் ஒரு கணம் மாறி, பிறகு உள்ளே போனார்கள். பட்டுப் பாவாடைக் குழந்தை ஒன்று, "மாம், ஷி இஸ் யெல்லிங் அட் மீ!" என்றது. அம்மா அதன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "நல்லாப் பாரு. பாத்துட்டுத்தான் உள்ள வரணும்."

"என்ன நடக்கிறது?" என்றார் அம்மாள்.

சொன்னேன். பொறாமைக் கண்ணுக்கு ஒரு வேகம் உண்டு, முதலில் எதன் மேல் விழுகிறதோ அதோடு அது தீர்ந்துபோகும், அதனால் வீட்டுக்கு முன்னால் இவளை நிறுத்தியிருக்கிறார்கள்.

"பார்க்காமல் உள்ளே போகக் கூடாதா?"

"கூடவே கூடாது." விதியை நானே கொஞ்சம் கடுமையாக்கினேன்.

"பொறாமைக்காரர்கள்கூட?"

"முக்கியமாக அவர்கள்தான்."

அவர் வாய்க்குள் என்னவோ ருமேனிய மொழியில் சொல்லிக்கொண்டு படியேறினார். படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்துவதற்காக அதன் கீழே நின்று கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அத்தை ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"அம்மிணி... அந்தக் கண்ணப் பாரு. கையப் பாரு. இந்தம்மாவேதான் அது!"

நான் எத்தனை நாள் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து கோடுகளைப் பற்றி யோசித்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவில்லை.

அம்மாளிடம் கேட்டேன். "பின்னே?" என்றார். "வேறு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினால் ரொட்டி கொடுக்க வேண்டாமா? எங்களுக்கே இல்லை. நான்தான் நின்றேன். வாயைத் திற, இன்னும் திற, கத்து என்பார் என் கணவர். நான் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரர் கூரையைக் கழியால் இடித்தார்."

மொழிபெயர்த்தேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேறெதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பொ, இத்தன ஊட்டுக் கண்ணும் இந்தம்மா மேலயா போய் உழுந்துச்சு? அதான் காச்சல்ல படுத்துருக்குது! அடக் கடவுளே, நம்ம கையால பண்ணிப்போட்டமே! உப்பு மொளகா கொண்டாங்க!"

பிறகு நடந்ததை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. அம்மாளைக் கிழக்குப் பார்த்துப் படியில் உட்காரவைத்தார்கள். அத்தை கை நிறைய உப்பும் வரமிளகாயும் கடுகும் எடுத்து, "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு" என்று சுற்ற ஆரம்பித்தார். கரூர் அக்கா தன் வீட்டுப் பால் பொங்குவதையும் விட்டுவிட்டு வந்து நின்றார். முடித்துவிட்டு அத்தை கையை நீட்டினார். "துப்பச் சொல்லு."

"துப்ப வேண்டும்," என்றேன் அம்மாளிடம்.

"தெரியும். எங்கள் ஊரிலும் துப்புவோம். மிளகாய்தான் புதிது. யார் மேல்?"

"கண் போட்டவர்கள் மேல்."

"எல்லார் மேலுமா? பழைய ஆட்கள் மேலும்?"

"எல்லார் மேலும்."

துப்பினார். போதும் என்று அத்தை கையை இழுத்துக்கொண்ட பிறகும் துப்பினார். ஒவ்வொரு துப்பலுக்கும் ஒரு பெயர் சொன்னார். எல்லாம் இன்ஸ்பெக்டர்கள் என்று எனக்குப் புரிந்தது. மிளகாயைக் கொல்லைப்புறத்து பார்பிக்யூ அடுப்பில் போட்டார்கள். டெக்ஸாஸ் காற்று புகையைத் தூக்கிக்கொண்டு போனதில் ஒருத்தருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தீங்களா, கமறவே இல்ல," என்றார் அத்தை, கலங்கிப்போய். "அத்தன கண்ணு!"

அம்மாள் புடவைகளுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நல்ல ரத்தம் ஓடியது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பல்கலைக்கழகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"படம் இவர்களுக்கு," என்று அத்தையைக் காட்டினார்.

"நான்தானே கேட்டேன்? நான்தானே தினமும் வந்து..."

"நீ அவளை ரசிக்கிறாய். இவர்கள் பயப்படுகிறார்கள். ரசிப்பதற்காகவா என் கணவர் வரைந்தார்?"

இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த இடத்தில் இரண்டு பாஷையும் தெரிந்து, கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஆனால் அம்மாள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்கள்! சொல்லிவிட்டேன்.

"நான் பயப்படறனா? ஆரு சொன்னது?" என்றார் அத்தை. ஒரு முறை படத்தைப் பார்த்து, சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். "செரி, பெரியவங்க குடுக்கறத வேண்டாங்கப் படாது."

"அத்தை, அப்படீன்னா நம்ம ஹால்லயே, கதவுக்கு எதிரே..."

"உங்க ஹால்ல மாட்டுனா ஆரு வந்து பாக்கறா? நீயும் அவனும். வர்ற சனிக்கெழம சுகர்லேண்டு டாக்டரூட்டுல கேட்டிருக்காங்க. அதுக்கு மக்யா வாரம் இன்னொரு ஊடு. நான் ஊருக்குப் போனாலும் நீதான் தவறாமக் கொண்டுபோய் மாட்டிட்டு வரோணும்." அம்மாளின் தோளில் ஒட்டியிருந்த கடுகைத் தட்டிவிட்டார். "இவிங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிரு. படம் போற எடத்துக்கெல்லாம் வரட்டும். கண்ணு பூராவும் இவிங்க மேல உழுகுது, ஒவ்வொரு தடவையும் சுத்திப் போடோணுமில்ல?"

நான் சொல்லி முடிக்கும்வரை அம்மாள் பொறுக்கவில்லை. சனிக்கிழமை என்ற இடத்திலேயே கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்?" என்றார்.